கூடம் கோணல்தான்!

பதிவு நீளமானதுதான். வகுப்பில் 40 நிமிஷம் உட்கார்ந்தவர்களுக்கு இங்கே 10 நிமிஷம் உட்கார முடியாதா என்ன?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறோம்! கோடு கோணலாகப் போனால் கை சரியில்லை. அட்டைப்பெட்டி மூடவில்லை என்றால் பொறுமை இல்லை. போட்டோ ஃபிரேமின் மூலை பிளந்து நின்றால் கவனம் இல்லை. ஓவியமும் கைத்தொழிலும் 31 வருஷம் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பல நேரம் கூடம் கோணல்தான். ஆடுகிறவளைத் திட்டுகிறோமே தவிர, கூடத்தை ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை.

இங்கே கூடம் என்பது ஸ்கேல். மூலமட்டம். ஃபிரேம் போடுகிற சாமான்கள். "எல்லா ஸ்கேலும் ஒண்ணுதானே டீச்சர்" என்று என்னிடம் சொன்னவர்களின் பட்டியல் நீளம். அதில் இன்று இன்ஜினீயராக இருக்கிற இரண்டு பேரும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. என் நாத்தனாரின் பேத்தி, ஏழாம் வகுப்பு. பள்ளி ப்ராஜெக்டுக்குக் கனத்த அட்டையில் போட்டோ ஃபிரேம் செய்திருக்கிறாள். ஓரமெல்லாம் அலை அலையாக, மூலைகள் ஒன்றோடு ஒன்று சேராமல் ஒரு ஃபிரேம். பக்கத்தில் இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. கீழே பெரியவர்களின் கருத்துகள்: "அவளுக்குக் கைவேலை வராது", "அவ அப்பன் மாதிரி". ஒருவர் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார். ஸ்கேலைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று குழம்பிப்போய் அனுப்பினார்கள். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் ப்ளாஸ்டிக் ஸ்கேல். விளிம்பு முழுக்க எலி கடித்ததுபோல் சின்னச் சின்ன வெட்டு. போனில் பேசினபோது அந்தப் பிள்ளையே "எனக்குக் கை வராது பாட்டி" என்கிறாள். பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு தீர்ப்பை அவள் தலையில் எழுதிவிட்டார்கள். மதினி கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த விரல் வெட்டுப்பட்டதற்குக் காரணம் அந்த ஸ்கேல்தான்.

எப்படி என்று சொல்கிறேன். கட்டர் பிளேடு எஃகு. ப்ளாஸ்டிக் அதைவிட ரொம்ப மிருது. அட்டையை வெட்ட ஸ்கேலை அணைத்து பிளேடை இழுக்கும்போது, பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலும் ஸ்கேலின் விளிம்பைச் சீவிவிடும். ஒரு பள்ளம் விழும். அடுத்த முறை பிளேடு அந்தப் பள்ளத்தில் இறங்கும். அங்கே அது நிற்காது, ஸ்கேல் மேலேயே ஏறிவிடும். ஸ்கேலின் மேல் என்ன இருக்கிறது? அழுத்திப் பிடித்த இடது கை விரல்கள். போதாக்குறைக்கு அந்த ஸ்கேல் எடையே இல்லாதது, வழுவழுப்பானது. அழுத்தி இழுத்தால் வழுக்கத்தான் செய்யும்.

ப்ளாஸ்டிக் ஸ்கேலுக்கு நான் எதிரி இல்லை. அது வரைவதற்குப் பிறந்தது. அடியில் இருக்கும் கோடு தெரியும், பக்கத்துக் கோட்டுக்கு இணையாக வைக்க வசதி. அதன் விளிம்பு சரிவாக இருக்கிறதே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. அளவுக் கோடுகள் தாளை ஒட்டி இறங்கி நிற்கும். அதனால் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலும் அளவு மாறித் தெரியாது. ஆனால் அதே சரிவுதான் வெட்டும்போது எமன். பிளேடு ஏறுவதற்குப் படிக்கட்டு போட்டுக்கொடுத்த மாதிரி. வெட்டுவதற்கு வேண்டியது செங்குத்தான, கனத்த, உலோக விளிம்பு. ஆக, வரைகிற ஸ்கேல் வேறு, வெட்டுகிற ஸ்கேல் வேறு. அரிவாள்மனையில் சப்பாத்தி தேய்ப்போமா?

சரி, என்ன வாங்குவது? 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. சார்ட், மவுண்ட் போர்டு அளவுக்கு வேலை செய்கிறவர்கள் 60 செ.மீ. ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபேன்சி ஸ்டோரில் வாங்காதீர்கள். தச்சு, லேத் பட்டறைக்காரர்கள் சாமான் வாங்குகிற ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். அங்கேதான் தட்டிப் பார்த்து, ஒன்றோடு ஒன்றை ஒட்டிவைத்துப் பார்த்து வாங்க விடுவார்கள். குடும்பமாக ஓட்டலில் ஒருவேளை டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகாது. அளவுகள் அச்சடித்ததா, பொறித்ததா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சு சில மாதங்களில் தேய்ந்து போகும். பொறித்த எண்கள் உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் இருக்கும். வளைத்தால் காகிதம்போல வளைகிற மெல்லிய தகடு வெட்டுவதற்கு ஆகாது.

கடையில் இருக்கும்போதே ஒரு சோதனை. இரண்டு ஸ்கேலை எடுத்து விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் இரண்டில் ஒன்று கோணல். எது என்று கண்டுபிடிக்க மூன்றாவது ஸ்கேலைக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிற ஸ்கேலுக்கு ஒரே ஸ்கேல் போதும், ஒரு வெள்ளைத் தாளும் கூர் சீவிய பென்சிலும் போதும். தாளில் இரண்டு புள்ளி வையுங்கள், ஸ்கேல் நீளத்துக்கு. இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இப்போது ஸ்கேலை, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல, அந்தக் கோட்டின் மேலாகவே குப்புறப் புரட்டி மறுபக்கம் போடுங்கள். அதே விளிம்பு அதே இரண்டு புள்ளிகளைத் தொடவேண்டும். மறுபடி கோடு. இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் ஸ்கேல் உத்தமம். நடுவில் கண்போல இடைவெளி தெரிந்தால் ஸ்கேல் வளைந்திருக்கிறது. அந்த இடைவெளியில் பாதிதான் உண்மையான கோணல். புரட்டிப் போடுவதால் அது இரட்டிப்பாகக் காட்டிக்கொடுக்கிறது. கோடு என்ற சொல்லுக்கே தமிழில் வளைவு என்ற பொருளும் உண்டு. நம் முன்னோர் எந்த ஸ்கேலைப் பார்த்துவிட்டு அந்தப் பொருளைக் கொடுத்தார்களோ!

அடுத்து, பூஜ்ஜியம். ப்ளாஸ்டிக் ஸ்கேலில் முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளித்தான் 0 தொடங்கும். பெட்டிக்குள் முனையை முட்டவைத்து ஆழம் பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் சில மில்லிமீட்டரும் பிழை. ஸ்டீல் ஸ்கேலில் பெரும்பாலும் முனையேதான் 0. பழைய மரஸ்கேலில் முனை தேய்ந்திருந்தால் தச்சர்கள் செய்கிறதைச் செய்யுங்கள்: 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து 10-ஐக் கழியுங்கள். இதைச் சொன்னதும் ஒரு சங்கதி ஞாபகம் வருகிறது. டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி ஆடுகிறதே என்று அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் நம் சொந்தத்தில் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆடும். வெளியே மாட்டி இழுத்தாலும் சரி, உள்ளே முட்டவைத்தாலும் சரி, அளவு சரியாக வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது. இறுக்கினீர்களோ, டேப் போச்சு.

"அடிஸ்கேல்னா 30 செ.மீ." என்பது இன்னொரு பெரிய மூடநம்பிக்கை. ஒரு அடி 30.48 செ.மீ. ஏறக்குறைய 5 மி.மீ. வித்தியாசம். அப்பா டேப்பில் அங்குலக் கணக்கில் இரண்டு பக்கம் வெட்டிக்கொடுப்பார், பிள்ளை செ.மீ. ஸ்கேலில் மீதி இரண்டு பக்கம் வெட்டும், அம்மா ஒட்டும்போது மூலை சேராது. மூவரும் அவரவர் கணக்கில் சரி! நாட்டில் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது 1956-ல். நம் வீடுகளுக்குள் அது இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. அங்குலமே வேண்டுமானால் அங்குலத்திலேயே எல்லாவற்றையும் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு வேலைக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோல், அவ்வளவுதான். சோழர் காலத்துக் கோயில்களின் சுவர்களில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு கோல் வைத்திருந்தால் வரப்பெல்லாம் வழக்காகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல ஆட்சிக்கே செங்கோல், நேரான கோல், என்று பெயர் வைத்த மொழி இது.

இன்னொன்று, வெயில். 30 செ.மீ. ப்ளாஸ்டிக் ஸ்கேல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். அதே சூட்டில் எஃகு நீள்வது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஜன்னலோரம், வண்டிக்குள் போட்டுவைக்கிற ப்ளாஸ்டிக் ஸ்கேல் நீள்வதோடு நிற்காமல் வளைந்தும் போகும்.

ஸ்கேல் நேராக இருந்துவிட்டால் மட்டும் போதாது, மூலை செங்கோணமாக இருக்கவேண்டும். இங்கேதான் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கிற முக்கோணத்தை நம்பி மோசம்போகிறோம். மூலையில் 1 டிகிரி பிசகினால் 30 செ.மீ. போய்ச் சேரும்போது 5 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும். அரை சென்டிமீட்டர்! அதைப் பார்த்துத்தான் "கண்ணு தெரியலையா" என்று திட்டுகிறோம். மூலமட்டத்துக்கும் புரட்டிப்போடும் சோதனைதான். நேரான விளிம்புள்ள பலகையில் அணைத்து ஒரு கோடு, புரட்டி அணைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழவேண்டும். தச்சர்கள் வைத்திருக்கிற எஃகு மூலமட்டம் சின்னதாக ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் போதும். அதற்கும் காசில்லாத பிள்ளைகளுக்கு நான் வகுப்பில் சொன்னதை மறந்திருக்கமாட்டீர்கள். எந்தத் தாளையும், கிழிந்த தாளானாலும், ஒருமுறை மடியுங்கள். மடித்த ஓரம் அதன் மேலேயே பொருந்தும்படி இன்னொருமுறை மடியுங்கள். கையில் இருப்பது செங்கோணம், செலவு ஒன்றுமில்லை.

ஃபிரேமுக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் பணம் வீணாகிறது. ஒரு ஃபிரேமில் நான்கு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, மொத்தம் 8 வெட்டு, ஒவ்வொன்றும் 45 டிகிரி. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி மட்டும் ஒரே பக்கமாகப் பிசகினால் என்ன ஆகும்? முதல் மூன்று மூலையைச் சேர்த்து ஒட்டிவிடுவீர்கள். நாலாவது மூலையில் எட்டு அரையும் சேர்ந்து 4 டிகிரி வாய் பிளக்கும். 20 மி.மீ. அகல பீடிங்கில் அது ஏறக்குறைய 2 மி.மீ. சந்து. கடைசி மூலையை ஒட்டினவர்தான் திட்டு வாங்குவார், பாவம். கிட்டில் வருகிற ப்ளாஸ்டிக் மைட்டர் பாக்ஸின் காடிக்குள் ரம்பம் போய்வந்து போய்வந்து இடம் அகலமாகிவிடும். பிறகு ரம்பம் அங்கே ஆடும், 45 என்பது பேருக்குத்தான். அதில்தான் வெட்டவேண்டும் என்றால் ஒரு முடி அளவு நீளம் விட்டு வெட்டி, பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் 45-ஐ அணைத்துத் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

கோணத்தைவிட முக்கியமானது, எதிரெதிர்ப் பக்கங்கள் அச்சாக ஒரே நீளமாக இருப்பது. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒன்றாகத் தேய்த்தால் ஸ்கேலே தேவையில்லை. பிறகு நூலை எடுத்து இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமென்றால் நான்கு மூலையும் செங்கோணம்தான். எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருப்பதுதான் இது. ஆனால் கைத்தொழில் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார், "போர்ஷன் முடியல". திருப்பித் தந்ததே இல்லை. அந்தப் பீரியட் இருந்திருந்தால் அந்த வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் நூலால் அளந்து படித்திருப்பார்கள். 1937-ல் வார்தாவில் காந்தி கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்கச் சொன்னார். நாம் அதைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளி, பிறகு அந்த ஓரத்தையும் வெட்டியெறிந்துவிட்டோம்.

நீளக் கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழுவது இதில். A4 படம் 210-க்கு 297 மி.மீ. பீடிங் அகலம் 20, அதில் கண்ணாடி உட்காரும் காடி 6 என்று வையுங்கள். காடிக்குள் படம் இறுகாமல் இருக்க 2 மி.மீ. தளர்வு கொடுத்தால் 212-க்கு 299. பீடிங்கின் வெளிப்பக்க நீளத்துக்கு இன்னும் இரண்டு 14 சேர்க்கவேண்டும்: 240-க்கு 327. படத்தின் அளவையே வெளி அளவாக வைத்து வெட்டிவிட்டு, படம் உள்ளே போகவில்லை என்று படத்தைக் கத்தரிக்கிறவர்களை என்ன சொல்வது? தஞ்சாவூர் ஓவியம் போட்டுப் பழகுகிற பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். மேடுகட்டி கல் பதித்த படம் அது. கண்ணாடி அதைத் தொடக்கூடாது. ஆழமான காடி கேட்டு வாங்குங்கள், அல்லது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓரத்தில் மெல்லிய சட்டம் கொடுங்கள்.

"இவ்வளவு பாடு எதுக்கு டீச்சர், ஆன்லைன்ல ரெடிமேட் ஃபிரேம் வருது, கடையில ப்ராஜெக்டே செஞ்சு தர்றாங்க, லேசர்ல வெட்டித் தர்றாங்க" என்று எழுத விரலை நீட்டுகிறீர்கள், தெரியும். லேசருக்கும் அளவு சொல்வது நீங்கள்தான். அதற்கு 297 என்று தப்பாகச் சொன்னால் தப்பை வெகு துல்லியமாக வெட்டித்தரும். வீட்டுக்கு ஃபிரேம் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் யார் தடுக்க. ஆனால் பிள்ளை செய்யவேண்டிய ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்தால், நேரான பொருள் கடையிலிருந்துதான் வரும், தன் கையிலிருந்து வராது என்பதைத்தான் அந்தப் பிள்ளை படிக்கிறது. அதற்கு மார்க் போடுகிற பள்ளியையும் சேர்த்தே சொல்கிறேன். ப்ராஜெக்டுக்கு வாங்கச் சொல்லி ஒரு பள்ளி அனுப்பிய பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். ஜிகினாத்தூள், பஞ்சு உருண்டை, மூன்று வகைப் பசை, கலர் டேப் எல்லாம் இருக்கிறது. நல்ல ஸ்கேல் இல்லை. அலங்காரத்துக்குக் காசு உண்டு, அளவுக்குக் கிடையாது.

கட்டரே கொடுக்கக்கூடாது என்கிறவர்களும் உண்டு. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடாதுதான், கத்தரிக்கோல் போதும். வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுக்காமல் விட்டால் அந்தப் பிள்ளை ஒருநாள் யாரும் இல்லாதபோது அந்த ப்ளாஸ்டிக் ஸ்கேலை வைத்துத் தானாகவே வெட்டும். அதற்குத்தான் அந்த விரல் சாட்சி.

முறை இதுதான். ஸ்டீல் ஸ்கேலின் அடியில் மெல்லிய உப்புத்தாள் பட்டையோ மாஸ்கிங் டேப்போ ஒட்டினால் வழுக்காது. ஸ்கேலை, நமக்கு வேண்டிய துண்டின் மேல் வையுங்கள்; பிளேடு பிசகினால் வேண்டாத துண்டில்தான் கோடு விழும். விரல் நுனிகள் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடையாவது உள்ளே. நின்றுகொண்டு வெட்டுங்கள். ஒரே இழுப்பில் அட்டையை அறுக்க நினைக்காதீர்கள். முதல் இழுப்பு வெறும் கோடு, அது போட்ட பாதையில் நாலைந்து லேசான இழுப்பு. பிளேடு மழுங்கினால் நுனியைக் குறடால் உடைத்துப் புது நுனியை எடுங்கள். மழுங்கின பிளேடுதான் ஆபத்து, அதற்குத்தான் அழுத்தம் அதிகம் வேண்டும். வெட்டும் பாயில் அச்சடித்திருக்கும் கட்டங்களை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 செ.மீ.க்கு மேல் நேர்க்கோடு வேண்டுமா? கொத்தனாரைப் பாருங்கள். சாக்பீஸ் தூள் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. அதைவிட நேரான கோடு எந்தக் கடையிலும் விற்பதில்லை.

என் அடிஸ்கேலைப் பற்றி யாரும் கமென்டில் ஆரம்பிக்கவேண்டாம். அது பத்திரமாக இருக்கிறது, இன்று காலைகூடப் புரட்டிப்போட்டுப் பார்த்தேன், முடி அளவு கோணல் கிடையாது. "சூப்பர் டீச்சர்", "அருமை சித்தி", கைகூப்பிய படம் இதெல்லாமும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பையில் இருக்கிற ஸ்கேலை எடுங்கள், பிள்ளையையே இரண்டு கோடும் போடச் சொல்லுங்கள். நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று மட்டும் கீழே எழுதுங்கள். அந்த இரண்டு இன்ஜினீயர்களும் முதலில்.